செம்பருந்துக்குப் பின்னிருக்கை

ஒரு காரில் எத்தனை இருக்கைகள் இருக்க வேண்டும் என்று மூன்று ஆண்டுகள் விவாதிக்க முடியும் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். செங்கல்பட்டை அடுத்த தென்கரை மோட்டார்ஸ் நிறுவனத்தில், மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு, குளிரூட்டப்பட்ட அறையில், வாரத்திற்கு இரண்டு கூட்டம் வீதம், பதினேழு பேர் அதைத்தான் செய்தார்கள்.

காரின் பெயர் செம்பருந்து. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளில் அதே நிறுவனம் அதே பெயரில் ஒரு ஸ்போர்ட்ஸ் காரைச் செய்து விற்றது. இரண்டு கதவுகள், இரண்டு இருக்கைகள், குனிந்து ஏறி ஏறக்குறையப் படுத்துக்கொண்டு ஓட்ட வேண்டிய உடலமைப்பு. முந்நூற்றுப் பதினோரு கார்கள் விற்றபின், வாங்குவதற்கு ஆளில்லை என்று நிறுத்திவிட்டார்கள். விற்காமல் நின்றுபோன ஒரு பொருள் ஐம்பது ஆண்டுகள் சும்மா கிடந்தால் அதற்குக் 'கிளாசிக்' என்று பட்டம் கிடைத்துவிடுகிறது. இது நம் காலத்து விசித்திரம். பட்டம் கிடைத்தபின், அதை மறுபடியும் செய்து பல மடங்கு விலைக்கு விற்க வேண்டும் என்று யாருக்காவது தோன்றியும் விடுகிறது.

தோன்றியவர் நிர்வாக இயக்குநர் பரணிதரன். நிறுவனத்தைத் தொடங்கியவரின் பேரன். யாருக்கு விற்பது என்று கண்டுபிடிக்கும் பொறுப்பை அவர் ஜெபக்குமாரிடம் கொடுத்தார். 'பொசிஷனிங்' என்று அந்த வேலைக்குப் பெயர். வாங்குகிறவர் மனத்தில் ஒரு பொருளுக்கு எந்த நாற்காலியைப் போடுவது என்று முடிவு செய்வதுதான் அது.

ஜெபக்குமார் முப்பத்தெட்டு வயதுக்காரன். மதுராந்தகம் ஏரிப் பாசனப் பகுதியில் பிறர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பத்தில் பிறந்து, படித்து, மேலாளர் ஆனவன். மூன்று ஆண்டுகளுக்கு முன், ஆயிரத்து நூற்று நாற்பது பேரிடம் கேள்வித்தாள் கொடுத்து விசாரித்து, ஓர் அறிக்கை எழுதினான். செம்பருந்தின் உயிர் அதன் இரண்டு இருக்கைகளில்தான் இருக்கிறது, மூன்றாவது இருக்கை வைத்தால் அது வேறு வண்டியாகிவிடும் என்பது அறிக்கையின் சாரம். அதன் அடியில் அவன் பெயர் மட்டும் தனியாக இருந்தது. ஒரு காகிதத்தில் தன் பெயர் துணையின்றி நின்றது அவனுக்கு அதுதான் முதல் முறை. அன்றுமுதல் தொழிற்சாலை முழுவதும் அவனை 'ரெண்டு சீட்டு' என்றே அழைத்தது.

அறிக்கையைப் பரணிதரன் மறுக்கவில்லை. புள்ளிவிவரங்களைப் பாராட்டினார். பிறகு ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, ஒரே ஒரு கேள்வியைக் கேட்டார்.

"எல்லாம் சரி ஜெபா. அம்மா எங்க உக்காருவாங்க?"

பரணிதரனின் தாயார் பூங்கொடி அம்மாள் எழுபத்திரண்டு வயதில் மகன் போகிற இடமெல்லாம் காரின் பின்னிருக்கையில் அமர்ந்து போவார். கணவரை இழந்த தாயைத் தனியே விட்டுவிட்டு எங்கும் போவதில்லை என்பது மகனின் விரதம். அந்தக் கேள்விக்கு எந்தப் புள்ளிவிவரமும் பதில் சொல்லவில்லை. ஆகவே வடிவமைப்புப் பிரிவினர் ஒரு பின்னிருக்கையை வரைந்தார்கள். பின்னிருக்கை வந்ததும் கூரை எட்டு அங்குலம் உயர்ந்தது. கூரை உயர்ந்ததும் முதுகு வளைந்தது. படத்தைச் சுவரில் ஒட்டிவைத்த அன்று, வண்டிகளைச் சோதித்து ஓட்டும் சின்னராசு அதன் முன்னால் நெடுநேரம் நின்றார்.

"இன்னா அண்ணாத்த இது? பருந்துன்னு பேர வச்சிகினு பெருச்சாளிய வரைஞ்சிகீறாங்க" என்றார் பக்கத்தில் நின்ற ஜெபக்குமாரிடம்.

ஜெபக்குமாருக்கு அன்று மதியம் சோறு இறங்கவில்லை.

இறுதியில் பரணிதரன் ஒரு சமரசத்துக்கு வந்தார். மாமல்லபுரம் அருகே ஒரு கடற்கரை விடுதியின் புல்வெளியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேர்ந்தெடுத்த முப்பத்தாறு பேரை அழைத்து இரண்டு இருக்கை வண்டியை ஓட்டிப் பார்க்கச் சொல்வது. மாலை ஆறு மணிக்குள் பன்னிரண்டு பேர் முன்பதிவு செய்தால் இரண்டு இருக்கையே நிலைக்கும். ஒருவர் குறைந்தாலும் திங்கட்கிழமை காலை பின்னிருக்கைப் படத்தில் கையெழுத்தாகிவிடும்.

விளம்பரத்துக்கு மும்பையிலிருந்து ஒரு முகமையை அமர்த்தியிருந்தார்கள். அவர்கள் கண்டுபிடித்த மந்திரம் தனிமை. வீட்டையும் வேலையையும் உதறிவிட்டுத் தனியே பறக்கும் ஆண்மகனுக்கான வண்டி என்றார்கள். 'ஒருவன். ஒரு சாலை. ஒரு செம்பருந்து.' வினைமுற்று ஒன்றுகூட இல்லாத அந்த மூன்று துண்டுகளுக்கு வாங்கிய கூலியில் ஒரு நடுநிலைப் பள்ளிக்குக் கூரை போட்டிருக்கலாம். சுவரொட்டியில் கறுப்புக் கண்ணாடி அணிந்த ஒருவன், முகச்சவரம் செய்யாமல், வெறிச்சோடிய கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரின்மேல் சாய்ந்து நின்றான். ஞாயிற்றுக்கிழமை அந்தச் சாலையில் ஒருவன் அப்படித் தனியாக நிற்க வேண்டுமானால் இரண்டு பக்கமும் போலீஸ் போக்குவரத்தை மறித்திருக்க வேண்டும்.

அழைப்பிதழையும் முகமையே ஆங்கிலத்தில் எழுதி அனுப்பியது. கடைசி வரியில், தனியாக வாருங்கள் என்று அழுத்தமாக இருந்தது. அதைத் தமிழில் எழுதும் வேலை ஜெபக்குமாரிடம் வந்தது.

அவன் உட்கார்ந்து எழுதிப் பார்த்தான். 'தாங்கள் தனியாக வரவும்' என்று எழுதினால், பிள்ளையைக் கடத்திக்கொண்டு போனவன் பெற்றோருக்கு அனுப்பும் கடிதம் போல இருந்தது. 'தாங்கள் மட்டும் வரவும்' என்றால் பங்காளிச் சண்டை நடக்கும் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை போல இருந்தது. நாலு பேரை மதித்துக் கூப்பிடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவரை, வாசலிலேயே நிறுத்தி, உங்கள் மனைவியை அழைத்துவராதீர்கள் என்று சொல்ல எந்த நல்ல பிள்ளைக்கும் கை வராது. அவனுக்கும் வரவில்லை. அரை மணி நேரம் பேனாவைக் கடித்துவிட்டு, வழக்கம் எப்படியோ அப்படியே எழுதி முடித்தான்: 'தாங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகைதந்து சிறப்பிக்க வேண்டுகிறோம்.'

அச்சுக்குப் போகுமுன் அந்த அழைப்பிதழை ஒன்பது பேர் படித்தார்கள். பிறந்த நாள் முதல் ஒவ்வோர் அழைப்பிதழிலும் அதே வரியைப் பார்த்துப் பழகிய ஒன்பது பேரின் கண்களும் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போய்விட்டன.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, புல்வெளியில் சிவப்பு, வெள்ளை, நீலம் என மூன்று செம்பருந்துகள் கடலைப் பார்த்து நின்றன. ஐம்பது பேருக்குச் சாப்பாடு சொல்லியிருந்தது. ஒன்பது ஐந்துக்கு விடுதி வாசலில் முதல் வண்டி வந்து நின்றது. அது ஒரு வேன். மதுராந்தகத்து நெல் வியாபாரி ஒருவர் இறங்கினார். அவருக்குப் பின்னால் மனைவி, இரண்டு மகள்கள், மருமகன், தம்பி, தம்பியின் மாமியார் என்று பதினான்கு பேர் இறங்கினார்கள். கடைசியாக ஒரு டிபன் கேரியர் இறங்கியது.

"சார், இவுங்க பிக்னிக்குக்கு வந்துகீறாங்களா, வண்டி பாக்க வந்துகீறாங்களா?" என்று சின்னராசு கேட்டார்.

ஜெபக்குமார் சட்டைப்பையிலிருந்து அழைப்பிதழை எடுத்தான். அதன் கடைசி வரியை, எழுதியபின் முதன்முறையாகப் படித்தான்.

பத்தரை மணிக்குள் முப்பத்து மூன்று குடும்பங்கள், இருநூற்றுப் பதினெட்டுப் பேர் வந்து சேர்ந்தார்கள். விடுதியில் இருந்த நாற்காலிகள் போதாமல் பந்தல்காரரிடம் சொல்லி பிளாஸ்டிக் நாற்காலிகள் வரவழைத்தார்கள். மாமல்லபுரம் பேருந்து நிலையத்தருகே இருந்த உணவகத்துக்கு ஆள் அனுப்பி, இருக்கும் தயிர்ச்சாதம் அத்தனையும் எடுத்துவரச் சொன்னார்கள். புது வண்டியைத் தொடுமுன் செய்ய வேண்டியதைப் பெண்கள் மறக்கவில்லை. ஒவ்வொரு குடும்பமும், தங்களுடையதல்லாத வண்டியின் சக்கரத்துக்கடியில் தங்கள் எலுமிச்சம்பழத்தை வைத்தது. நண்பகலுக்குள் மூன்று செம்பருந்துகளும் ஒரு கூடைப் பழத்தை நசுக்கியிருந்தன. புல்வெளி ஊறுகாய்ப் பானை போல மணத்தது.

ஓட்டிப் பார்க்கும் வழி எளியது. கடற்கரைச் சாலையில் வடக்கே நெம்மேலி குடிநீர் ஆலை வரை போய்த் திரும்ப வேண்டும். போக வர இருபத்தைந்து நிமிடம். அழைக்கப்பட்டவர் ஓட்டுவார், பக்கத்தில் ஒருவர் உட்காரலாம். அந்த ஒருவர் யார் என்பதில்தான் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு சிறு மாநாடு நடந்தது. மாநாடு முடிந்து, ஓட்டி, திரும்பி வந்து, எல்லாரும் வண்டியைத் தடவிக்கொடுத்தார்கள். வேகம் அருமை, சத்தம் அருமை, நிறம் அருமை என்றார்கள். ஜெபக்குமார் முன்பதிவுப் படிவத்தை நீட்டினான். அப்போது ஒவ்வொருவரும், தமக்கே தோன்றிய புதுக் கேள்வி போல, அதைக் கேட்டார்கள்.

நெல் வியாபாரி, அப்பா எங்கே உட்காருவார் என்றார். மறைமலை நகரில் மருந்துக்கடை வைத்திருந்தவர், அத்தை எங்கே உட்காருவார் என்றார். சிறுசேரிக் கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கும் ஓர் இளைஞன், கல்யாணம் நிச்சயம் மட்டுமே ஆனவன், கூட வந்திருக்கும் வருங்கால மாமனார் எங்கே உட்காருவார் என்றான். மூன்று ஆண்டுகளாகப் பரணிதரன் வாயில் கேட்ட கேள்வியை முப்பது வாய்களில் கேட்டுவிட்டு, பகல் ஒரு மணிக்கு ஜெபக்குமார் கணக்குப் பார்த்தான். பதிவு ஒன்றுகூட இல்லை.

அந்த நேரத்தில் நீல வண்டி காணாமல் போயிற்று.

அதை எடுத்துப் போனவர் ஹரிகிருஷ்ணன். கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் அறிவியல் அலுவலர், அணுபுரம் குடியிருப்பில் வசிப்பவர், பூர்விகம் அம்பாசமுத்திரம். பக்கத்தில் அவர் மனைவி ஸ்ரீதேவி இருந்தார். இருபத்தைந்து நிமிடம் முப்பதாயிற்று, நாற்பதாயிற்று. கைப்பேசியை எடுக்கவில்லை. விபத்தாக இருக்குமோ என்று ஜெபக்குமாருக்கு வியர்த்தது. சின்னராசு சிவப்பு வண்டியை எடுத்துக்கொண்டு தேடப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்து, நெம்மேலி ஆலைக்கு எதிரே மர நிழலில் வண்டி நிற்கிறது, இருவரும் உள்ளே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றார்.

"சண்டையா?"

"சண்டை மாரியும் கீது, சிரிச்சிகினும் கீறாங்க. நான் கண்ணாடியத் தட்டல."

ஐம்பத்தைந்தாவது நிமிடத்தில் அவர்கள் வந்தார்கள். ஹரிகிருஷ்ணன் மன்னிப்புக் கேட்டார். வண்டியில் ஏதாவது கோளாறா என்று ஜெபக்குமார் ஸ்ரீதேவியிடம் கேட்டான். அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார்.

"வண்டி நல்லா இருக்கு சார். கல்யாணமாகி பதினொரு வருஷம், கார் வாங்கி எட்டு வருஷம். கார்ல போறப்ப இன்னைக்குத்தான் பின்னாடி யாருமே இல்ல. பேசிட்டே இருந்துட்டோம்."

ஜெபக்குமார் ஆவலோடு படிவத்தை எடுத்தான். ஹரிகிருஷ்ணன் அதை வாங்கினார். பேனாவின் மூடியைக்கூடத் திறந்தார். பிறகு, குடைக்கடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்த தம் தாயார் பார்வதத்தம்மாளைப் பார்த்தார். மூடியை மூடினார்.

"எனக்கும் ஆசைதான். ஆனா அம்மா எங்க சார் உக்காருவாங்க? அவங்கள வீட்டுல விட்டுட்டு நாங்க மட்டும் ஊர் சுத்தினா அது நல்லாவா இருக்கும்?"

இருவரும் தயிர்ச்சாதம் இருந்த பக்கம் போனார்கள். ஒரு மணி நேரமாக வெயிலில் காத்திருக்கும் அந்த அம்மாள் யாரிடமாவது புகார் சொல்லிவிடுவாரோ என்று ஜெபக்குமாருக்குப் பயம் வந்தது. மோர் கொண்டுபோய்க் கொடுத்தான். நீங்களும் ஒரு சுற்றுப் போய்வருகிறீர்களா, நானே ஓட்டுகிறேன் என்றான். அது விற்பனைத் தந்திரம் அன்று. முழுக்க முழுக்கப் பயம். அவர் சரி என்று எழுந்தார்.

வண்டியில் ஏற்றுவதே ஒரு வித்தையாக இருந்தது. முதலில் அமர்ந்து, பிறகு கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்துவைக்க வேண்டும் என்று அவன் சொல்லிக்கொடுத்தான். சாலையைப் பிடித்ததும், ஏசியைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னார். ஒரு கிலோமீட்டர் போனபின் மெல்லத் திரும்பி, தம் இருக்கைக்குப் பின்னால் கையை நீட்டித் தடவிப் பார்த்தார்.

"இதுல பொறத்தால சீட்டு இல்லையோ?"

"இல்லம்மா."

"இனிமே வப்பியளோ?"

"எங்க எம்.டி. வைக்கணும்ங்கறாரு. உங்கள மாதிரி பெரியவங்களுக்காகத்தான்."

பார்வதத்தம்மாள் ஜன்னல் வழியே சவுக்கு மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, குரலைத் தாழ்த்தி, காருக்குள் வேறு யாரும் இல்லை என்பது தெரிந்தும், சொன்னார்.

"அந்தப் புண்ணியவான்ட்ட வேண்டாம்னு சொல்லும்யா."

ஜெபக்குமார் வேகத்தைக் குறைத்தான்.

அதன்பின் அவர் நிறுத்தவில்லை. எட்டு ஆண்டுகளாக ஞாயிறுதோறும் அவரை மாமல்லபுரத்துக்குக் கூட்டிவருகிறார்கள். பார்த்த கோயிலையே பார்த்தாகிவிட்டது. இப்போதெல்லாம் உள்ளேகூடப் போவதில்லை, வெளியே அமர்ந்து செருப்புகளுக்கும் பைகளுக்கும் காவலிருக்கிறார். முழங்கால் இரண்டும் வலி. உணவகத்தில் எல்லாரும் பரோட்டா சாப்பிடுவார்கள். வயதானவர் என்று இவருக்கு இரண்டு இட்லி. பின்னிருக்கையில் நடுவில் உட்கார வைத்து, வழியெல்லாம், அம்மா தூங்கிட்டியா, அம்மா தூங்கிட்டியா என்று எழுப்புவார்கள். உண்மையில் அவருக்கு வேண்டியது, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காலை நீட்டிக்கொண்டு, ஒரு தட்டு மிக்சரோடு தொலைக்காட்சி பார்ப்பது. அம்பாசமுத்திரத்தில் இருக்கும் தங்கையைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் மருமகளைப் பற்றி மனம்விட்டுப் பேசுவது. எட்டு ஆண்டுகளாக மருமகளும் கூடவே இருப்பதால் அது நடக்கவில்லை.

"வரலன்னு சொல்லிட வேண்டியதுதானேம்மா?" என்றான் ஜெபக்குமார்.

"சொன்னா, கோவமாம்மான்னு கேப்பான். பொறவு ஸ்ரீதேவி, நான் எதும் தப்பாப் பேசிட்டேனா அத்தன்னு அழுவா. ரெண்டு பேரும் போகாம மூஞ்சியத் தூக்கிட்டு வீட்டுலயே இருப்பாவ. அதுக்கு நான் பொறத்தால உக்காந்து போயிட்டு வந்துருதேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "இதுல எடமே இல்லன்னா யாரு மேலயும் குத்தமில்ல பாரும்."

ஜெபக்குமாருக்குக் காதில் கடலின் இரைச்சல் கேட்டது. அல்லது அது அவன் காதுக்குள்ளேயே எழுந்ததாகவும் இருக்கலாம். ஆயிரத்து நூற்று நாற்பது பேரிடம் கேள்வித்தாள் கொடுத்தானே, அத்தனை பேரும் வண்டி ஓட்டுகிறவர்கள். எத்தனை குதிரைத்திறன் வேண்டும், எந்த நிறம் வேண்டும், எத்தனை பேர் அமர வேண்டும் என்று அவர்களைக் கேட்டிருந்தான். பின்னால் அமர்பவர் ஒருவரையாவது கேட்டானா? அவன் மட்டுமா, இந்த நாட்டில் எந்தக் கார்க்காரனாவது கேட்டிருக்கிறானா? நாலு கால் நாற்காலிக்குக்கூட உட்காருகிறவரைக் கேட்டு உயரம் வைக்கிறான் தச்சன்.

"அம்மா, இத நீங்க உங்க பையன்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா..."

பார்வதத்தம்மாள் பதறிவிட்டார். நான் சொன்னது இந்தக் கதவைத் தாண்டக் கூடாது என்றார். தலையில் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னார். சத்தியம் செய்யக் கூடாது என்று வேதாகமம் படித்து வளர்ந்தவன் என்பதால், யாரிடமும் சொல்வதில்லை என்று வாக்கு மட்டும் கொடுத்தான் ஜெபக்குமார். அது போதும் என்று அவர் ஏற்றுக்கொண்டார்.

புல்வெளிக்குத் திரும்பியதும் நடந்ததை ஜெபக்குமார் ஆயுளுக்கும் மறக்கமாட்டான். காரிலிருந்து இறங்கும்போது பார்வதத்தம்மாளின் முகம் மாறிவிட்டது. நடை தளர்ந்தது. மகனின் தோளைப் பற்றிக்கொண்டு நீண்ட பெருமூச்சு ஒன்று விட்டார்.

"நல்ல வண்டிய்யா. எனக்கு எடம் இல்ல, அதுக்கென்ன? சின்னஞ்சிறுசுக, நீங்க ரெண்டு பேரும் சந்தோசமாப் போயிட்டு வாங்க. நான் வீட்டுல சாமி படத்தப் பாத்துட்டு ஒரு மூலையில கெடக்கேன்."

ஹரிகிருஷ்ணனின் கண்கள் கலங்கின. ஸ்ரீதேவி மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டார். முதல் முன்பதிவுப் படிவத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் விழுந்து, வீட்டு எண் அழிந்துபோயிற்று.

ஜெபக்குமார் சின்னராசைத் தனியே அழைத்தான்.

"இனிமே ஓட்டறவங்கள வுட்டுடு. எந்தக் குடும்பத்துல யாரு எங்க உக்காருவாங்கன்னு கேட்டாங்களோ, அந்தப் பெரியவங்கள ஒவ்வொருத்தரா கூட்டியா. நான் ஓட்டறேன்."

"வெயில்ல மண்ட காஞ்சிகிச்சா அண்ணாத்த? டப்பு குடுக்கிறவங்கள வுட்டுட்டு, கால் வலிக்காரங்களுக்கு ரவுண்டா?"

"கூட்டியா சொல்றேன்."

பிற்பகல் இரண்டிலிருந்து ஐந்தரை வரை, மூன்று வண்டிகளையும் மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டு, நெம்மேலி வரை போக நேரமில்லாமல் பாதி வழியிலேயே திரும்பி, அவன் பெரியவர்களை ஏற்றி இறக்கினான். அவன் எதுவும் கேட்கவில்லை. பின்னால் சீட்டு வைக்கலாம் என்று இருக்கிறோம், உங்களுக்காகத்தான் என்பதோடு நிறுத்திக்கொண்டான். மற்றதை அவர்களே பார்த்துக்கொண்டார்கள். நெல் வியாபாரியின் தந்தைக்கு, மகன் ஓட்டும் வேகத்தில் அடிவயிறு கலங்குகிறதாம்; எட்டு முழ வேட்டியில் ஈரம் பட்டது வரை சொன்னார். மருந்துக்கடைக்காரரின் அத்தைக்கு வீட்டில் யாரும் இல்லாத இரண்டு மணி நேரம் வேண்டுமாம்; காரணத்தைச் சொல்ல மறுத்துவிட்டார். இளைஞனின் வருங்கால மாமனார் மட்டும் எதிர்ப்புறம் வாதாடினார்: தனக்கு இடம் வேண்டும், முன்னிருக்கையிலேயே வேண்டும் என்றார். அந்தப் பதிவு கைவிட்டுப் போயிற்று. சின்னராசு அவருக்கு இரண்டு முறை நாஸ்தா கொடுத்துப் பார்த்தும் அவர் மசியவில்லை.

மற்றவர்கள் எல்லாரும், வெளியே சொல்லமாட்டேன் என்று அவனிடம் வாக்கு வாங்கிக்கொண்டு, இறங்கும்போது பெருமூச்சு விட்டார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக் கற்றுக்கொண்டதைப் போல, ஒவ்வொரு பெருமூச்சும் முந்தியதைவிட நீளமாக இருந்தது. ஒரு மூலையில் கிடக்கிறேன், கஞ்சி குடித்துக்கொள்கிறேன், நாலு சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றெல்லாம் கேட்டு, பிள்ளைகள் உருகி, படிவங்களில் கையெழுத்திட்டார்கள்.

ஐந்தரை தாண்டியதும் பரணிதரனின் பெரிய வெள்ளை வண்டி உள்ளே வந்தது. பின்னிருக்கையில் பூங்கொடி அம்மாள் இருந்தார். மகன் இறங்கி வந்து, படிவங்களை விரல் தொட்டு எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"பதினொண்ணு."

"ஆமா சார்."

"பூஜ்ஜியம்தான் இருக்கும்னு நினைச்சேன். பிரமாதம் ஜெபா." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆனா பன்னெண்டுன்னு பேசினோம். எனக்கு மட்டும் ஆசை இல்லையா? அம்மாவுக்கு இடமில்லாத வண்டிய என் கம்பெனியே விக்கிறதுன்னா, எனக்கு ராத்திரி தூக்கம் வராது."

எஞ்சியிருந்த குடும்பங்கள் நாற்காலிகளை விட்டு எழுந்துகொண்டிருந்தன. ஜெபக்குமார் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். நாளைக் காலை பத்து மணிக்குப் பெருச்சாளிப் படத்தின் அடியில் கையெழுத்து விழும். தன் பெயர் தனியாக நின்ற அறிக்கை எந்த அலமாரிக்குப் போகும் என்பதுகூட அவனுக்குத் தெரிந்திருந்தது. வெள்ளை வண்டியின் பின்கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. அதற்குள்ளிருந்து பூங்கொடி அம்மாள் சிவப்புச் செம்பருந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், அம்மாவ ஒரு சின்ன ரவுண்டு கூட்டிட்டுப் போய்ட்டு வரட்டுமா? இவ்வளவு தூரம் வந்துட்டாங்க."

பரணிதரனுக்கு அது மரியாதையாகப் பட்டது. தாமே கதவைத் திறந்து தாயை ஏற்றிவிட்டார்.

அவர்கள் பதினெட்டு நிமிடத்தில் திரும்பினார்கள். அந்தப் பதினெட்டு நிமிடத்தில் பேசப்பட்டதை இங்கே எழுதுவதற்கில்லை. ஜெபக்குமார் வாக்குக் கொடுத்திருக்கிறான். போகும்போது அந்த அம்மாள் பேசினார், வரும்போது சிரித்தார் என்று மட்டும் சொல்லலாம்.

வண்டி நின்றது. மணி ஆறாகச் சில நிமிடங்களே இருந்தன. பரணிதரன் ஓடிவந்து கை கொடுத்தார். பூங்கொடி அம்மாள் முதலில் ஒரு காலை வெளியே வைத்தார், பிறகு மற்றக் காலை வைத்தார், நிமிர்ந்தார். புல்வெளியில் இருந்த பதினொரு பெரியவர்களும் பேச்சை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்கள். அவர் பெருமூச்சு விட்டார். அன்றைக்கு விடப்பட்ட பன்னிரண்டில் அதுதான் தலையாயது.

"பரணி, எனக்கு இடம் இல்லன்னா பரவால்லப்பா. நீயும் மருமகளும் போய்ட்டு வாங்க. அம்மாவுக்காக ஒரு நல்ல வண்டிய ஏன் கெடுக்கற? நான் பாட்டுக்கு வீட்ல, ஜன்னல் வழியா பாத்துக்கிட்டே இருந்துக்கறேன்."

"அம்மா..." என்றார் பரணிதரன்.

அவர் திரும்பி நின்று சிறிது நேரம் கடலைப் பார்த்தார். பிறகு ஜெபக்குமாரின் கையிலிருந்து ஒரு வெற்றுப் படிவத்தை வாங்கி, செம்பருந்தின் கூரைமேல் வைத்து, தம் பெயரையும் மனைவியின் பெயரையும் எழுதி, கையெழுத்திட்டார்.

"எம்.டி.யே எழுதினா செல்லுமா?" என்று சின்னராசு மெதுவாகக் கேட்டார். ஜெபக்குமார் அவர் காலை மிதித்தான்.

பூங்கொடி அம்மாள் பார்வதத்தம்மாளின் பக்கத்து நாற்காலியில் போய் அமர்ந்து, முன்பின் தெரியாத அவரோடு நெடுநாள் பழகியவர் போலப் பேச ஆரம்பித்திருந்தார். பரணிதரன் ஜெபக்குமாரை ஓரமாக அழைத்துப்போனார். கண்ணாடியை இன்னும் கையில்தான் வைத்திருந்தார்.

"உண்மையச் சொல்லுங்க ஜெபா. வண்டியில போறப்ப அம்மா என்ன கேட்டாங்க?"

ஜெபக்குமார் அன்று பன்னிரண்டு பேருக்கு வாக்குக் கொடுத்தவன். யோசிக்க அவனுக்கு நேரமில்லை.

"மைலேஜ் எவ்வளவு குடுக்கும்னு கேட்டாங்க சார்."

பரணிதரன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாத்தீங்களா? அப்பவும் என் பெட்ரோல் செலவப் பத்தித்தான் அவங்களுக்குக் கவலை."